ஆளோடு சேர்த்த எடை

"அசையாதீங்க தனபால், மூச்ச மட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டு டேனியல் காருக்கு முன்னால் குந்திக்கொண்டார். தனபால் அசையவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும், கிளட்சுக்குப் பக்கத்தில் இடது காலும், தலையில் ஹெல்மெட்டும், தோளில் பெல்ட்டுமாக, பந்தயத்தில் பச்சை விளக்குக்குக் காத்திருப்பவனைப் போலத்தான் இருந்தான். விளக்குத்தான் இல்லை, எதிரே ஒர்க்‌ஷாப்பின் தகரச் சுவரும் அதில் மாட்டிய ஏசு படக் காலண்டரும் இருந்தன. நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஆளுக்கொரு தட்டு. நான்கு தட்டிலிருந்தும் ஒயர் போய் ஒரு சின்னப் பெட்டியில் சேர்கிறது. எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று அந்தப் பெட்டி சொல்லும், டேனியல் அதற்கேற்ப ஸ்பிரிங்கைத் திருகுவார். காரை மட்டும் எடை போட்டு ஸ்பிரிங் வைக்கிறவனெல்லாம் மெக்கானிக்கே இல்லை என்பது டேனியலின் கட்சி. ஓட்டுகிற ஆள் உள்ளே உட்கார வேண்டும், பந்தயத்துக்குப் போடுகிற அத்தனையும் போட்டு உட்கார வேண்டும், அவன் சாப்பிட்ட இட்லிகூட அந்தக் கணக்கில் வர வேண்டும். இட்லி. காலையில் மனைவி சுகுணா நான்கு வைத்தாள். ஒன்று உள்ளே போனது, அதுவும் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. மீதி மூன்றும் காம்பவுண்டுக்கு வெளியே நிற்கிற செவலை நாய்க்கு. அந்த நாய் இப்போதெல்லாம் நன்றாகச் சதை போட்டிருக்கிறது, தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நாயை நினைக்காதே. இன்ஜினை நினை. இன்ஜினுக்காகத்தானே இந்தப் பஞ்சாயத்து. இடது பக்கம் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே குமரவேல், சுகுணாவின் அண்ணன், அவருடைய மஞ்சள் காரும் தனபாலின் நீலக் காரும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே டேனியல் கை வைத்தது. பிஸ்டன் ஒன்று, கேம் ஷாஃப்ட் ஒன்று, சைலன்சர் பைப்பின் வளைவுகூட ஒரே அச்சு. அப்படி இருக்க, மூன்று சுற்றுப் பந்தயத்திலும் நீலம் முன்னால் போய் மஞ்சளுக்குத் தன் பின்புறத்தைக் காட்டினால் மச்சானுக்கு வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. "மாப்ள வண்டிக்கு ஏதோ தனியாப் பண்ணியிருக்கீங்க டேனியண்ணா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாடா போடா என்று பேசின ஆள், ஒரு மாதமாக வாங்க போங்க என்கிறார். மரியாதை கூடக் கூட மனசு தூரமாகிக்கொண்டே போகிறது என்று தனபாலுக்குத் தோன்றியது.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு டேனியல் இதற்கு முன்பே இரண்டு காரையும் ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஜினின் குதிரைத்திறனைக் காட்டும் உருளை மேல் ஏற்றிப் பார்த்திருந்தார். கயிறு போட்டுக் கட்டிய கார் நின்ற இடத்திலேயே நூற்று நாற்பதில் ஓடும். கீழே உருளை சுற்றும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். நீலத்துக்கு நூற்றுப் பதினெட்டு குதிரை. மஞ்சளுக்கு நூற்றுப் பத்தொன்பது. ஒரு குதிரை அதிகமே மஞ்சளுக்குத்தான். "இப்ப என்னுங்க சொல்றீங்க? ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க" என்று டேனியல் கேட்டபோது குமரவேலின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளா? அப்படியானால் எடையில் ஏதோ இருக்கிறது என்றார். காலி காரை எடை போட்டார்கள், எழுநூற்று நாற்பத்தொன்று, இரண்டும் அச்சாக ஒன்று. பந்தயத்தில் அதிகாரிகள் பார்ப்பதும் காலி காரின் எடையைத்தான், அதோடு விட்டிருக்கலாம். டேனியலுக்குத்தான் பொறுக்கவில்லை, அவருடைய தொழில் சுத்தத்தின் மேல் அல்லவா கையை வைத்துவிட்டார்கள். ஆளோடு சேர்த்துப் பார்த்துவிடுவோம் என்றார். குமரவேல் பந்தய உடுப்போடு உள்ளே ஏறினார். கார் ஒரு முறை முனகிக் கீழே இறங்கியது. எண்ணூற்று இருபத்தொன்பது. தை மாதம் பார்த்ததும் அதேதான், ஒரு கிலோ முன்னே பின்னே இல்லை, மச்சான் மலை மாதிரி. தை மாதம் தனபாலோடு சேர்த்துப் பார்த்தபோது எண்ணூற்று இருபத்தேழு. எண்ணூற்று இருபத்தேழில் எழுநூற்று நாற்பத்தொன்று போனால், கழிக்காதே, எண்பத்தாறு, சரி, அது தை மாதத்துக் கணக்கு, தெரிந்த கணக்கு, அதைக் கழித்தால் பாவமில்லை. இப்போதைய கணக்கைத்தான் கழிக்கக் கூடாது. அதற்குத்தான் அவன் இத்தனை நாளாக எந்த எடை மெஷின் பக்கமும் போகாமல் இருந்தான். தன் வார்ப்புப் பட்டறையில் கழிவு இரும்பு நிறுக்கிற தட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தான். ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு மின்னுகிற மெஷினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது என்னடாவென்றால் காரோடு சேர்த்துத் தூக்கித் தராசில் வைத்துவிட்டார்கள், அதுவும் தானே நடந்து வந்து, தானே கதவைத் திறந்து, தானே உட்கார்ந்து. எடையைக் குறைக்கிறது என்றால் இந்தப் பந்தயக்காரர்களுக்கு ஒரு வெறி. அது ஆரம்பித்தபோது இவர்கள் இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள், நல்ல காலம் அது. பின் சீட்டைக் கழற்றினார்கள். காரின் தரையில் ஒட்டிய தாரை உளியால் சுரண்டினார்கள். கதவுக் கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தகடு போட்டார்கள். பிரேக் பெடலில்கூட ஓட்டை போட்டார்கள், ஒரு ஓட்டைக்கு எத்தனை கிராம் என்று குமரவேல் மிட்டாய்த் தராசில் நிறுத்துப் பார்த்தார். எந்தக் கிராம் குறைந்தாலும் கை தட்டினார்கள். அப்படிக் கை தட்டிப் பழகினவனுக்கு, மாசி கடைசியில் இடுப்பில் பேண்ட் நழுவியபோது முதலில் என்ன தோன்றும்? சந்தோஷம்தான் தோன்றியது. சும்மா கிடைத்ததே என்று இருந்தது. நேர் ரோட்டில் கார் அவனை முதுகில் தட்டிக்கொண்டு பறந்தது. சின்ன வயசில் பள்ளம் தாண்டிய மாதிரி ஒரு லேசு. ஆமாம், லேசு. அந்த வார்த்தையிலேயே மனசு போய் இடித்துக்கொண்டு நின்றது.

தோள் பெல்ட்டை அவன் இழுத்த இழுப்பில் வாரின் வால் மடிவரை வந்து தொங்கியது. முன்பு அது ஒரு சாண்கூட மிஞ்சாது. மிஞ்சினதைத் தொடைக்கடியில் சொருகியிருந்தான், டேனியல் கண்ணில் படாமல். அவர் கண்ணில் படாமல் என்ன இருக்கிறது? ஸ்பிரிங்கில் ஒரு நூல் பிசகினால் நடு ராத்திரியில் எழுந்து உட்காருகிற மனுஷன். வெளியே குமரவேல் மெதுவடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். எண்ணெய் வாடை ஹெல்மெட்டுக்குள் நுழைந்ததும் தனபாலுக்கு நெஞ்சுக்குழியில் என்னவோ புரண்டது. விழுங்கினான். விழுங்கினது இறங்காமல் அங்கேயே நின்றது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே யாரோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது போல ஓர் அடைப்பு, எத்தனை மாதமாகவோ இப்படித்தான். வாயு என்றான் எல்லோரிடமும். வாயு என்றால் எல்லோரும் நம்புகிறார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அப்பாவும் வாயு என்றுதான் சொன்னார். ஹெல்மெட்டுக்குள் தன்னுடைய மூச்சே தனக்குத் திரும்பி வந்து மோதியது, அந்த மூச்சில் ஒரு வாடை, தெரிந்த வாடை. பல் விளக்கினால் போகவில்லை, ஏலக்காய் மென்றால் போகவில்லை. அப்பாவின் அறைக்குக் கதவைத் திறந்தால் வந்த வாடை. இல்லை, அது மருந்து வாடை. இல்லை, மருந்து அப்போது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பட்டறையில் கொதிக்கிற இரும்பை அகப்பையில் இரண்டு கையால் ஏந்தி ஊற்றின அப்பா, சாயங்காலம் ஒரு படிச் சோறு சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்ட அப்பா, சட்டைகளையெல்லாம் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார், ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் டெய்லர் துணியை மடக்கிப் பார்த்துவிட்டு, புதுசே தைச்சுக்கலாமுங்க என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போக அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கியவன் தனபால்தான். கஷ்டப்பட்டுத் தூக்க வேண்டியிருக்கும் என்று காலை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தூக்கினபோது அவ்வளவு பலமும் வீணாய்ப் போய் அப்பா மேலே எகிறி வந்துவிட்டார், காலி அட்டைப் பெட்டியைக் கனம் என்று நினைத்துத் தூக்கினது போல. அப்பா அவன் தோளில் வாயை வைத்துக்கொண்டு, பாத்துடா, கதவு நிலவுல இடிச்சுடாத என்றார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது, இடிச்சுடாத என்று அவர் சொன்னது. வேறு ஒன்றுமில்லை. அழ முடியவில்லை அன்றைக்கு. இப்போது ஹெல்மெட்டுக்குள் கண் கரித்தது. அசையாதே. கண்ணீருக்கும் எடை உண்டு, ஆனால் அது வெளியே போனாலும் இதே காருக்குள்தானே விழும், கணக்கு மாறாது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்து அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்க வேண்டியதாயிற்று.

"இது என்னமோ சரியில்லைங்க" என்றார் டேனியல், பெட்டியைத் தட்டி. குமரவேல் வடையோடு எழுந்து வந்தார். "தராசு கெட்டுப்போச்சுங்களா?" "தராசுக்கு என்ன கேடு, இப்பத்தான உங்களுக்குச் சரியாக் காட்டுச்சு." டேனியல் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து சக்கரத்தைத் தூக்கினார், முன்தட்டைப் பின்னால் போட்டார், பின்தட்டை முன்னால் போட்டார். கார் தொட்டில் மாதிரி ஆடி அடங்கியது. வேண்டும், கெட்டுப்போயிருக்க வேண்டும், ஒரு ஒயர் அறுந்திருக்க வேண்டும், எலி கடித்திருக்க வேண்டும் என்று தனபால் மனசுக்குள் எலியைக் கூப்பிட்டான். போன பந்தயத்தை நினைத்தான், அதில் ஏதாவது தெம்பு கிடைக்கும் என்று. கடைசிச் சுற்றில் மச்சானைவிட ஏழெட்டுக் கார் நீளம் முன்னால். கோட்டைத் தாண்டியதும் கூட்டம் ஓடி வந்தது, கதவைத் திறந்தார்கள், அவன் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. தொடையில் ரத்தத்துக்குப் பதிலாக வெந்நீர் ஓடுவது போல இருந்தது. ஸ்டீயரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறார் பாருங்கள் என்று யாரோ போட்டோ எடுத்தார்கள், அந்தப் போட்டோவைத்தான் சுகுணா ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாள். அவள் அதைத் துடைக்கும்போது ஒரு நாள் துணி அப்படியே நின்றது. "உங்க கழுத்து ஏங்க இப்படி இருக்குது?" என்றாள். ரேசுக்கு டயட் என்றான். பெரிய பெரிய ரேஸ்காரரெல்லாம் இப்படித்தான், அரிசியைத் தொடுவதே இல்லை என்று விளக்கமாகச் சொன்னான். அவள் நம்பினாள் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. "கடைசிப் பந்தயம் முடியட்டும், ஒரு டாக்டரைப் பாத்துடலாம்" என்றாள். சரி என்றான். கடைசிப் பந்தயம் ஆவணியில். டாக்டர் எங்கே ஓடிப்போகிறார்? ஆவணிக்கு அப்புறமும் இருப்பார். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு அது எடை அல்ல, வேறு ஒரு பெயர். பார்க்காதவரை அது எடைதான். பார்க்காதவரை அது வேகம்தான். நேர் ரோட்டில் நான்காவது கியரில் கார் பாடுகிறதே, அந்தப் பாட்டைக் கேட்கும்போது உடம்பில் ஒரு குறையும் கிடையாது, சத்தியமாகக் கிடையாது, அங்கே அவன் ஊரிலேயே ஆரோக்கியமான மனுஷன். அதை விட்டுவிட்டு ஏசி அறையில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு குழாயை விழுங்கப் போ என்றால் எப்படிப் போவது? பயம்தான். வேறென்ன. அப்பாவுக்குக் குழாய் விட்ட அன்றிலிருந்துதான் அப்பா நோயாளி ஆனார், அதற்கு முந்தின நாள்வரை அவருக்கு வாயுதான். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு படித்த மனுஷன் ஒருவன் மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அவன் தள்ளித்தான் இருந்தான்.

"எண்ணூத்தி ஆறு" என்றார் டேனியல். தட்டை மாற்றிப் போட்டும் எண்ணூற்று ஆறு. உரக்கச் சொல்லவில்லை, ஆனால் தகரக் கொட்டகையில் எதுவும் உரக்கத்தான் கேட்கும். குமரவேல் வடையைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணுகிற குழந்தை மாதிரி உதடு அசைந்தது. "இருவத்தி மூணு கிலோ. டேனியண்ணா, என்னையவிட இருவத்தி மூணு கிலோ கம்மி!" என்றார், பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதத்துக் கோபம் அந்தச் சிரிப்பில் கழன்று விழுந்தது. "அப்ப இன்ஜினும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்ள டயட்டுதான் என்னைய அடிச்சிருக்குது. நாம் பாட்டுக்கு உங்களச் சந்தேகப்பட்டுட்டேன் டேனியண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க." டேனியல் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் தலையை நுழைத்த குமரவேலின் முகம் ஹெல்மெட்டுக்கு அருகில் வந்தது, சிரித்துச் சிவந்த முகம், சட்னி ஒட்டின மீசை, எத்தனை வருஷத்து முகம். "எப்பிடிங்க மாப்ள கொறச்சீங்க? எனக்கும் சொல்லுங்க, உங்க தங்கச்சி என்னைய தெனம் திட்றா." தனபால் சொல்லிவிட நினைத்தான். மச்சான் என்று நாக்கு எழுந்தது. "நடப்பேன் மச்சான். சோத்தக் கொறச்சேன்" என்றது வாய், அது பாட்டுக்கு. ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்தது. இத்தனை நாள் பயந்த எண் கொட்டகையில் எல்லோர் காதிலும் விழுந்தும் உலகம் அப்படியே இருந்தது, சிரிப்புக்கூட வந்தது. இதிலும் தப்பித்துவிட்டோம் என்று மனசின் ஒரு மூலை கள்ளத்தனமாகக் குதித்தது. இன்னொரு மூலை, ஐயோ யாராவது கண்டுபிடியுங்களேன் என்று தலையில் அடித்துக்கொண்டது. எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு ஞாயம் பேசினார்கள். எடை வித்தியாசத்தை நீலக் காரில் இரும்பாக ஏற்றிவிட்டால் அடுத்த பந்தயம் சமமாக இருக்கும் என்றார் குமரவேல். சட்டம் கேட்கவில்லைதான், ஆனால் இரண்டு பேரும் ஒரு வீட்டு ஆட்கள், சமமாக ஓடி யார் ஓட்டுக்காரன் என்று பார்த்துவிடலாமே என்றார். தனபால் உடனே சரி என்றான். மூலையில் வார்ப்பிரும்புப் பலகைகள் அடுக்கியிருந்தன, நடுவில் போல்ட் போட ஓட்டை உள்ளவை, அவன் பட்டறையிலேயே வார்த்துக் கொடுத்தவை. பக்கத்து சீட் இருந்த இடத்தில் இருபது கிலோவில் ஒன்றை முடுக்கிவிட்டு மீதிக்குச் சின்னதாக ஒன்று போடலாம் என்று டேனியல் ஸ்பானர் எடுக்கப் போனார். "உங்க எடைய நீங்களே தூக்கிட்டு வாங்க மாப்ள" என்றார் குமரவேல் கிண்டலாக. தனபால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். பட்டறையில் நாற்பது கிலோ பம்ப்பைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டு வேலையாட்களிடம் பேச்சை விடாமல் பேசுகிறவன் அவன். இருபது கிலோவா ஒரு பொருட்டு என்று காலை அகட்டிக் குனிந்தான். பலகை தரையை விட்டு ஒரு முழம் வந்தது. அங்கேயே நின்றது. அவன் உத்தரவு போட்டான், கை கேட்கவில்லை. இடுப்பில் ஏதோ விட்டுப்போனது போல இருந்தது, முழங்கால் மடிந்தது, பலகையைக் கீழே போட்டால் சத்தம் கேட்டுவிடுமே என்று அதை மடியில் ஏந்திக்கொண்டு அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்தான். எழ முடியவில்லை. பலகை மடியில் இருந்தது, அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. தன்னிடமிருந்து போனதெல்லாம் இவ்வளவு கனமா என்று வியப்பாக இருந்தது அவனுக்கு. குமரவேல் முதலில் சிரித்தார், நடிக்கிறான் என்று. பிறகு கிட்டே வந்தார். பந்தய உடுப்பின் காலர் அகலமாக விலகி, கழுத்துக்குக் கீழே எலும்பு இரண்டு பக்கமும் குழி விழுந்து தெரிந்தது. அவர் குனிந்து பலகையை ஒரே கையால் எடுத்து ஓரமாக வைத்தார், எடுத்த கையையே பார்த்தார், தனபாலைப் பார்த்தார். டேனியல் ஸ்பானரோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

குமரவேல் தரையில் உட்கார்ந்தார். எடை முடிந்து மாற்றிக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் ஆயில் படுவதைப் பார்க்கவில்லை. தனபாலின் மணிக்கட்டைப் பிடித்தார், அது அவருடைய விரல் வளையத்துக்குள் முழுசாக அடங்கி மிஞ்சியும் இருந்தது. "டயட்டெல்லாம் இல்லதான?" என்றார். இல்லை என்று தனபால் தலையை ஆட்டினான். "எத்தன நாளா இப்பிடி இருக்குது?" "சிவராத்திரி முடிஞ்சதுல இருந்து, மச்சான். சோறு எறங்க மாட்டீங்குது." சொல்லிவிட்டான். அவ்வளவுதான், இத்தனை மாதம் தொண்டையை அடைத்தது இரண்டு வார்த்தையாக வெளியே வந்துவிட்டது, ஆனால் அடைப்பு அடைப்பாகவே இருந்தது. குமரவேலின் வாய் கோணியது. சிவராத்திரிக்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதே கொட்டகையில் இதே ஆளோடு உட்கார்ந்து டீ குடித்தோம், எத்தனை முறை இன்ஜினைப் பிரிக்கச் சொன்னோம், ஆளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தோமா என்று அவர் நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஏன்டா, எங்கிட்டகூடச் சொல்லல? எருமை மாதிரி நான் ஒருத்தன் பக்கத்துலதானடா இருக்கறேன்!" என்று கத்தினார், கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது. தனபால் பதில் தேடினான். பயமாக இருந்தது என்று சொல்லலாம், அது உண்மை. அப்பாவை நினைத்து என்று சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதை வெளியே எடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஜெயிச்சுட்டு இருந்தேனில்ல மச்சான்" என்றான்.